விழாத விசிறி

இந்த அறைக்கு வடக்குப் பார்த்துச் சன்னல் வைத்தவர் விவரம் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஐயா. வடக்கு வெளிச்சத்தில் துணியின் நிறம் பொய் சொல்லாது. உங்கள் சட்டைக் கையில் ஒட்டுப் போட்டிருக்கும் துணி வேறு நீலம் என்பது உள்ளே நுழைந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. வீட்டில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. பெயர் உகிதா. ஒசாகாவில் ஹிஷியா துணிமாளிகையின் ஷோகேஸில் நிற்கும் பொம்மைகளுக்கு உடை உடுத்துகிறவன். கடைக்குள்ளே விற்பவர்கள் நூறு பேர் இருக்கலாம். ஆனால் தெருவில் போகிறவளை நிறுத்துவது நான்தான். அவள் மீன் வாங்கப் போய்க்கொண்டிருப்பாள், கையில் குழந்தை இருக்கும், மாமியாரிடம் வாங்கிய வசவு மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அவளுடைய நடை என் கண்ணாடிக்கு முன்னால் தளர வேண்டும். தளர்ந்துவிட்டால் போதும், மிச்சத்தை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். என் தொழிலில் ஆள் என்பதே கிடையாது, முழுதும் ஆடைதான். மனிதருக்கு உடுத்திவிட்டால் அவர் தோளைக் குலுக்கி, கழுத்தைத் திருப்பித் தன் வசதிக்குச் சரிசெய்துகொள்வார். பொம்மை அப்படியில்லை. நாம் எப்படி விட்டோமோ அப்படியே நிற்கும். அதனால் பொம்மைக்கு உடுத்துகிறவன் தப்புச் செய்யவே கூடாது. செய்த தப்பும் அப்படியே நிற்கும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். பொம்மைக்கு எதிரே நின்றுகொண்டு கிமோனோவின் மடிப்பைப் போடும்போது இடது எது, வலது எது என்று கை தடுமாறிவிடும். வலதுமடிப்பை மேலே போட்டுவிடுவார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு இடதுமடிப்புதான் மேலே வரும். வலதுமடிப்பு மேலே வருவது இறந்து பெட்டியில் வைக்கப்படுகிறவர்களுக்கு மட்டும். ஒரு வருஷம் வேறொரு கடையில் அப்படி ஒரு பொம்மை அரைநாள் நின்றுவிட்டது. பார்த்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் வாசலெல்லாம் உப்புத் தூவி, அந்தப் பொம்மையையே தூக்கி எறிந்துவிட்டார். என் கை அந்தத் தப்பைச் செய்ததே இல்லை. ஒரே ஒரு முறை தெரிந்தே அப்படி உடுத்தினேன். அது என் மனைவி ஃபுசாவுக்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் உதவிக்கு வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை காலம் கண்ட பொம்மைகளுக்கெல்லாம் உடுத்திவிட்டு, அவளுக்கு ஒரு தடவை உடுத்தக் கூடாதா என்று தோன்றியது. நன்றாகவே உடுத்தினேன். அசையாமல் ஒத்துழைத்தாள்.

இனி நுயியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எதிர்க்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் ஆரம்பம்.

எதிர்க்கடையில் இந்தக் கோடையில் பொம்மைகளை எடுத்துவிட்டு உயிருள்ள ஒரு பெண்ணைக் கண்ணாடிக்குள்ளே நிறுத்தினார்கள். முடியைக் கத்தரித்துக்கொண்டு, மேல்நாட்டு கவுன் போட்டுக்கொண்டு, நின்ற இடத்தில் சிரிப்பாள், கையை ஆட்டுவாள். ஊரே அங்கே போய்க் குவிந்தது. எங்கள் மேலாளர் நிவா ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று தெருவைப் பார்த்தார்.

"உகிதா-சான், அங்க ஒருத்தி கையை ஆட்டினா ஊரே வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. நம்ம பொம்மைங்களப் பாக்க ஈ கூட வரமாட்டேங்குது. ஓபோன் பண்டிகை விற்பனைக்கும் இப்படியே போச்சுன்னா டோக்கியோலேருந்து ஆளைக் கொண்டாந்துருங்கன்னு முதலாளி பெரியவர் சொல்லிட்டாரு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

பயந்துபோனேன், ஐயா. அதை மறைக்க மாட்டேன். ஃபுசா போன பிறகு எனக்கென்று இருந்தது அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பத்தடி இடம்தான். அதில் டோக்கியோக்காரன் ஒருவன் வந்து நிற்பான் என்று நினைத்தபோது, என் உடம்பிலிருந்தே எதையோ வெட்டி எடுப்பதைப் போல இருந்தது.

"உயிருள்ளவ கையை ஆட்டறதுல என்னங்க வித்தை இருக்கு? அதைத்தான் எல்லாப் பொம்பளையும் செய்யறாளே" என்றேன். "உயிருள்ளவளைப் பொம்மையாட்டம் நிறுத்தணும். அதுதான் வித்தை."

நான் சொன்ன யோசனை இதுதான். நான்கு பொம்மைகள். அவற்றோடு ஐந்தாவதாக ஒரு பெண். ஐந்து பேருக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு, ஒரே மாதிரிக் கொண்டை. இதில் ஒருத்திக்கு உயிர் உண்டு, யார் என்று சொல்லுங்கள் என்று மேலே துணிப்பதாகை. கடையில் ஏதாவது வாங்கினால் ஒரு காகிதப்பூ கொடுப்போம். யாருக்கு உயிர் இருக்கிறது என்று நினைக்கிறார்களோ, கண்ணாடிக்கு வெளியே அவளுக்கு எதிரே இருக்கும் கூடையில் பூவைப் போட வேண்டும். சரியாகப் போட்டவர்களில் ஒருவருக்குக் கடைசி நாளில் பட்டு. நிவா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு மாலையே பெரியவர் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

நுயி நூலும் பொத்தானும் விற்கும் பகுதியில் இருந்தாள். தான்பா மலைப்பக்கத்துப் பெண், பத்தொன்பது வயசிருக்கும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மற்றப் பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் மட்டும் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "ஏய் நுயி, மூக்கு மேல ஈ உக்காந்திருக்கு. இருக்கியா, போயிட்டியா?" என்று கேலி செய்வார்கள். அவள், "ஈக்கும் களைப்பா இருக்கும்ல, உக்காந்துட்டுப் போகட்டும்" என்பாள். அதைக் கேட்டதும் இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். மலையில் பார்லி கலந்த சோறு தின்று வளர்ந்த பெண்கள், நகரத்துக்கு வந்ததும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறு கிடைக்கிறதே என்று ஆசையாகத் தின்பார்கள். ஒன்றிரண்டு கோடை போனால் காலில் நீர் கட்டிக்கொள்ளும். கடைப் பெண்கள் தங்கும் விடுதியில் பாதிப் பேருக்கு அது உண்டு. ஊருக்குப் போய்ப் பழைய சாப்பாட்டைச் சாப்பிட்டால் தானாக வடிந்துவிடும். வைத்தியரும் அவளிடம் அதையேதான் சொல்லியிருந்தார். மேலாளரிடம் விடுப்புக் கேட்டாள். விற்பனை முடியட்டும் என்றார். பிறகு என்னிடம் வந்து கேட்டாள்.

"உகிதா-சான், நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாருங்க. படி ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

நான் குனிந்து அவளுடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அந்தக் காலத்து மெழுகுப் பொம்மைகளின் தோல் வெயிலில் இப்படித்தான் இருக்கும், பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு நல்ல பொருத்தம் என்று என் மனதில் பட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"நிக்கறதுக்கு நான் ஒரு வழி பண்ணித் தரேன். உனக்கு வேலையே இருக்காது. விற்பனை முடிஞ்ச அன்னிக்கே சாயங்கால ரயிலுக்கு நானே அனுப்பிவைக்கிறேன், போதுமா?" என்றேன்.

"நெசமாவா? அப்ப அம்மாவுக்கு எழுதிப் போட்டுரட்டுமா?"

"எழுதிப் போடு."

நான் சொன்ன சொல் தவறவில்லை, ஐயா. அவளுக்கு வழி பண்ணித்தான் கொடுத்தேன். பொம்மைகளை நிறுத்தும் இரும்புக்கம்பி ஒன்றைத் தரையில் பதித்து, அவள் முதுகோடு ஒட்டி மேலே வரும்படி செய்தேன். இடுப்பில் ஒரு தோல்வார், அக்குளுக்குக் கீழே ஒன்று, கழுத்துக்குப் பின்னால் கொண்டைக்குள்ளே மறையும்படி ஒரு சின்ன வளையம். எல்லாவற்றுக்கும் மேலே கிமோனோவும் அகலமான இடுப்புப் பட்டையும் வந்துவிடும். காலில் பாரமே இருக்காது, தொங்கிக்கொண்டே இளைப்பாறலாம். முதல் நாள் கட்டிப் பார்த்தபோது அவளே சிரித்தாள். "ஊஞ்சல் மாதிரி இருக்குதுங்க" என்றாள். வார்களைத் தானாக அவிழ்த்துக்கொள்ள முடியாது என்பது உண்மைதான். கொக்கி பின்பக்கம் இருந்தது. முன்பக்கம் வைத்தால் பட்டை புடைத்துக்கொண்டு தெரியும்.

அவள் கையில் ஒரு மடக்கு விசிறி கொடுத்தேன். ஏதாவது முடியவில்லை என்றால் விசிறியைக் கீழே விட்டுவிட வேண்டும், சத்தம் கேட்டதும் நான் திரையை இழுத்துவிடுவேன். இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். உடுத்தி முடித்துத் திரையைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "விசிறி?" என்று கேட்பேன். "விழுந்தா திரை" என்பாள்.

உடுத்தியது இலையுதிர்காலத்துக் கிமோனோ. வெளியே ஆவி பறக்கும் வெயில், உள்ளே உள்பட்டு வைத்துத் தைத்த கனத்த பட்டு. இதைக் கேட்டு நீங்கள் முகம் சுளித்ததைப் பார்த்தேன். கோடையில் கோடைத் துணியைக் காட்டினால் யார் வாங்குவார்கள்? வரப்போகும் பருவத்தை முன்னால் காட்டுவதுதானே எங்கள் பிழைப்பு. கடைக்குள்ளே தளத்துக்குத் தளம் பனிக்கட்டித் தூண் நிறுத்தியிருந்தோம், வாடிக்கையாளர்கள் அதில் கையை வைத்துக் குளிர்ச்சி வாங்கிக்கொள்வார்கள். ஷோகேஸில் அதை வைக்க முடியாது. வைத்தால் கண்ணாடி வியர்த்து உள்ளே இருப்பது மறைந்துவிடும். மேலே எட்டு விளக்கு எரியும். விசிறி கையில் இருந்தும் அவள் வீசிக்கொள்ள முடியாது. பொம்மை வீசிக்கொள்ளுமா?

முதல் நாளே கூட்டம் எள் போட்டால் எள் விழாது. நான் நிற்பது பின்பலகைக்குப் பின்னால். அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஐந்து முதுகுகள், அவற்றுக்கு அப்பால் ஊரின் முகம். என் தொழிலில் பொம்மையின் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் பொம்மை எப்படி நிற்கிறது என்று தெரிந்துவிடும். வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு ரிக்‌ஷாக்காரன், "ஓரத்துல இருக்கறவதான்டா உசுரோட இருக்கறவ, என் பொண்டாட்டி கோவத்துல இப்படித்தான் மொறைப்பா" என்றான். அது கியோத்தோவிலிருந்து வந்த காகிதக்கூழ்ப் பொம்மை. எல்லாக் கூடையிலும் பூ விழுந்தது, நுயியின் கூடையில்தான் குறைவு. எதிர்க்கடைக்காரி கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பார்க்க ஆளில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவில் ஒருநாள் விசிறி விழுந்தது. நல்ல கூட்டம் இருந்த நேரம். விழுந்ததும் வெளியே, "ஆ, கண்டுபிடிச்சாச்சு, இவதான்! இவதான்!" என்று ஒரே கூச்சல். ஓடிப்போய்த் திரையை இழுத்தேன். ஒப்பந்தப்படி இழுத்தேன், அதை யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நுயிக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பூச்சின் மேல் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க. கை மரத்துப் போச்சுங்க. தானா நழுவிருச்சு."

"தானாவா நழுவுச்சு? அப்ப முடியாம நீ விடலையே?"

அவள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "தெரியலைங்க" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். பூச்சைத் திருத்தினேன். கொண்டையை மாற்றி, வேறு கிமோனோ போட்டு, வேறு இடத்தில் நிறுத்தினேன். கம்பியையும் பெயர்த்துப் பதித்தேன், அரைநாள் வேலை. அந்த அரைநாளில் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. நிவா வந்து காலியான தெருவைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு விசிறி விழவில்லை.

கடைசி நாள் ஓபோனுக்கு முந்தின நாள். இறந்தவர்கள் வீடு திரும்பும் நாளுக்கு ஊரே சாமான் வாங்க அலையும், வருஷத்திலேயே பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். நுயி காலையில் வரும்போதே கையில் ஒரு துணிமூட்டை. தம்பிக்கு அரிசி பிஸ்கட் டப்பா, அம்மாவுக்குக் கைத்தறித் துணி. "சாயங்காலம் நேரா ரயிலுக்குப் போயிரலாம்ல, அதான்" என்றாள். உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது. எப்படியும் பூசத்தானே போகிறோம் என்று பெரிதாக நினைக்கவில்லை. உடுத்துவதற்கு வழக்கம்போல ஓசுமி என்ற பெண் உதவிக்கு வந்தாள், உடுத்திவிட்டுப் போனாள். சாம்பல் நிறத்தில் மணிப்பூப் போட்ட பட்டு. ஓசுமி கையில் தப்பு ஒன்றும் இல்லை, இடதுமடிப்பு மேலே. அவளை விட்டுவிடுங்கள், பாவம். அவள் போன பிறகு வார்களை நான் பூட்டினேன்.

"விசிறி?" என்றேன்.

நுயி கையைக் கண்ணால் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. பெண்களுக்குச் சில நாள் அப்படித்தான், பேசப் பிடிக்காது.

காலைக் கூட்டத்தில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சின்னப் பெண் குழந்தை, தாயின் இடுப்பில் இருந்தது, நுயியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. "அம்மா, அந்த அக்கா என்னைய கூப்புடுது" என்றது. "பொம்மைடி அது, பொம்மை கூப்புடுமா?" என்றாள் தாய். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவன், "பொம்மைக்குக் கண்ணுல தண்ணி வருது பாரேன்" என்றான். பக்கத்தில் இருந்தவன், "வேர்க்குதுடா, அரக்கு உருகுது, இந்த வெயில்ல உனக்கும் எனக்குமே உருகுது" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓட்டையில் கண்ணை வைத்தபடி நின்றேன். ஆம், கேட்டது. எல்லாமே கேட்டது. ஆனால் எனக்கும் அவளுக்கும் இருந்த ஒப்பந்தம் குழந்தை அழுவதைப் பற்றியது அல்ல. விசிறியைப் பற்றியது.

மதியம் உடை மாற்றுவதற்குத் திரையை இழுத்தேன். வழக்கமாக வாரை அவிழ்த்ததும் இறங்கிப் பலகையில் உட்காருவாள். அன்று இறங்கவில்லை. தூங்கியிருந்தாள். களைத்துப்போன பெண், சாயங்காலம் ரயில் பிரயாணம் வேறு, எழுப்ப மனம் வரவில்லை. ஓசுமி கதவைத் தட்டி, "நான் வரட்டுங்களா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, இன்னிக்கு நானே பாத்துக்கறேன், நீ போய்ச் சாப்பிடு" என்றேன். அந்நிய ஆண் ஒரு பெண்ணுக்கு உடை மாற்றலாமா என்று கேட்பீர்கள். பாதி வாழ்க்கை நான் செய்த வேலை அதுதான், எனக்கு அதில் வித்தியாசம் தெரியாது. வாரை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒன்றைப் பூட்டிய பிறகே மற்றதை அவிழ்த்து, மாலைக்கென்று வைத்திருந்த சிவப்புப் பட்டைப் போட்டேன். கண் பாதி திறந்திருந்தது, அதனால் இமையோரம் பூச்சை மெதுவாகத் தொட்டுவிட்டேன். கழுத்துக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தது. பரவாயில்லையே, இந்தப் புழுக்கத்திலும் உடம்பு தணிந்துவிட்டதே என்று ஆறுதலாக இருந்தது. தோள் மடிப்பு, இடுப்பு மடிப்பு, பின்கழுத்தில் விடும் இடைவெளி, ஒன்றுகூட மறுபடி தொட வேண்டியிருக்கவில்லை. தோளைக் குலுக்கவில்லை, கழுத்தைத் திருப்பவில்லை. அவ்வளவு நன்றாக நான் யாருக்கும் உடுத்தியதில்லை.

திரையைத் திறந்தேன்.

அந்த மாலையை நான் எப்படிச் சொல்வது? டிராம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு நின்றுவிட்டன, தெருவே அடைத்துக்கொண்டது. எதிர்க்கடைக்காரியே வெளியே வந்து கூட்டத்தோடு நின்று பார்த்தாள். பார்த்தவள் கையை ஆட்டவில்லை. நான்கு கூடையும் பூவால் நிறைந்து தரையில் சரிந்தன. நுயியின் கூடையில் ஒரே ஒரு பூ. அதையும் காலையில் அழுத குழந்தைதான் போட்டதாம். நிவா பின்னால் வந்து என் தோளைத் தட்டினார். "உகிதா-சான், உங்களுக்குக் கோயில் கட்டணுங்க! ஒருத்தனுக்கும் சந்தேகமே வரல பாருங்க!" என்றார். எனக்கு நெஞ்சு விம்மியது. ஃபுசா பார்க்க இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மீன்சந்தையில் கடை வைத்திருக்கும் தோமே அம்மாள் வந்தாள். தடித்த உடம்பு, கையில் சாமான் கூடை, கடையில் எதையோ வாங்கியதற்குக் கிடைத்த பூவைக் காதில் சொருகிக்கொண்டிருந்தாள். முழங்கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நகருங்கடா, ஆயிரம் மீனு பாத்தவ நானு, எது உசுரோட இருக்கு, எது செத்ததுன்னு கண்ணப் பாத்தே சொல்லுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நுயிக்கு எதிரே வந்ததும் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"யாருடா இது?" என்றாள். குரலே மாறிவிட்டது. "எவன்டா இந்தப் பொண்ணுக்குப் பாடைக்கு உடுத்தற மாதிரி உடுத்திவிட்டது?"

அத்தனை பேரும் அப்போதுதான் பார்த்தார்கள். நான் ஓட்டை வழியாக அவர்கள் முகங்களைப் பார்த்தேன். நான் சொன்னேனே, முகத்தைப் பார்த்தால் பொம்மை எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். தோமே அம்மாள் காதிலிருந்த பூவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணாடியை அடிக்க ஆரம்பித்தாள். "தொறங்கடா! அவள எறக்குங்கடா!" என்று அழுதுகொண்டே அடித்தாள். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவ்வளவு பெரிய கண்ணாடி ஒசாகாவில் கிடைப்பதில்லை.

மற்றதெல்லாம் உங்கள் ஆட்கள் எழுதியிருப்பார்கள்.

அவள் விரல்களில் இருந்த நூலைப் பற்றி நேற்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன். ஆம், அது நான் கட்டியதுதான். விசிறி விழுந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டினேன். தோல் நிறத்தில் பட்டுநூல், விசிறிக் காம்போடு சேர்த்து மூன்று விரலுக்கும் சுற்றி, உள்ளங்கைப் பக்கம் முடிச்சு. அவளே சொன்னாளே, கை மரத்துத் தானாக நழுவியது என்று. தானாக நழுவக் கூடாது என்பதற்காகத்தான் கட்டினேன். வேண்டுமென்று விட்டால் விழட்டும். விட முடியுமா என்று கேட்கிறீர்கள். அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. "இறுக்கமா இருக்குதுங்க" என்று மட்டும்தான் சொன்னாள். விரலெல்லாம் நூல் அறுத்துத் தோல் உரிந்திருந்தது என்று உங்கள் வைத்தியர் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். பூச்சு இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. கட்டாத பெருவிரலையாவது அவள் கொஞ்சம் அசைத்துக் காட்டியிருக்கலாம்.

ஆக, நான்தான் செய்தேன், ஐயா. கால் வீங்கியது தெரிந்து நிறுத்தினேன், வாரால் கட்டினேன், விசிறியைக் கையோடு கட்டினேன், குழந்தை அழுததைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும்தான் மறுக்கிறேன். மதியம் உடுத்தும்போதே அவள் இறந்துவிட்டது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியாது. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் வலதுமடிப்பு எப்படி மேலே வந்தது, உன் கை அந்தத் தப்பைச் செய்ததே இல்லையே என்கிறீர்கள். நேற்று இங்கே உங்கள் காவலர் ஒருவருக்குக் கிமோனோ போட்டுக்காட்டச் சொன்னீர்கள். இடதுமடிப்புதான் மேலே வந்தது. மறுபடியும் போடச் சொன்னீர்கள். மறுபடியும் அதுதான் வந்தது. எனக்கே புரியவில்லை. அவசரத்தில் கை தடுமாறியிருக்கும். வயசாகிறதல்லவா.

அதனால்தான் உங்களிடம் ஓர் அனுமதி கேட்டேன். அவளை எரிப்பதற்கு முன்னால் ஒரு முறை என்னை அழைத்துப் போங்கள், மடிப்பைச் சரிசெய்து இடது மேலே வரும்படி போட்டுவிடுகிறேன், அப்படியொரு தப்பை நிற்கவிட்டுப் போனான் உகிதா என்று பேர் வரக்கூடாது என்றேன். நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது அப்படியே இருக்கட்டும். இப்ப அது சரியாத்தான் இருக்கு" என்றீர்கள். தொழில் தெரியாதவர்களிடம் இதையெல்லாம் விளக்க முடியாது.

அவளுடைய துணிமூட்டை இன்னும் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும், அதை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். பிஸ்கட் நமத்துவிடும்.

இன்றைக்கு ஓபோனின் இரண்டாம் நாள். இந்தச் சன்னலிலிருந்து பார்த்தாலே வீட்டுக்கு வீடு விளக்குத் தொங்குவது தெரிகிறது. ஃபுசாவுக்கு இந்த வருஷம் விளக்கு வைக்க ஆளில்லை. நுயிக்கும் இல்லை, ஆனால் அது வேறு. நாற்பத்தொன்பது நாள் கழியாதவர்களுக்கு இந்த வருஷம் விளக்கு கிடையாது, அடுத்த வருஷம்தான் வருவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆகவே என்னைப் பூட்டிவைக்கும் அறைக்குள்ளே கேட்கும் சத்தம் அவளாக இருக்க நியாயமில்லை. கதவு ஓட்டை வழியாகக் காவலர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து அசையாமல் நின்றுவிடுகிறேன், ஏன் என்று தெரியவில்லை. அவர் கண் நகர்ந்ததும் பின்னால் தரையில் ஒரு மடக்கு விசிறி விழுகிறது. திரும்பிப் பார்த்தால் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் மறுபடி விழுகிறது. இழுப்பதற்கு அங்கே திரை இல்லை. தரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டேன். "என்னத்தத் தேடறீங்க, பெரியவரே?" என்று காவலர் கேட்டார். விசிறி என்று சொன்னேன்.

நீங்கள் எழுதும்போது இந்தச் சத்தத்தைச் சேர்க்க வேண்டாம், ஐயா. களைப்பில் காது அப்படித்தான் சொல்லும். நடந்ததை மட்டும் எழுதுங்கள். அன்றைக்கு, காலையிலிருந்து கடைசிவரை, விசிறி விழவில்லை.